இரண்டு இலட்சம் ரூபாய் கிராஃபிக்ஸ் கார்டு: கொடுத்த விலைக்குத் தகுமா?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் உள்ள நமது கிளைகளுக்கு வரும் இயந்திரக் கடன் விண்ணப்பங்களில் என்னென்ன பொருள்கள் இருக்கும் என்பதை முன்பெல்லாம் பார்க்காமலே சொல்லிவிடலாம். தையல் இயந்திரம், தோல் வெட்டும் இயந்திரம், இட்லிக் கடைக்கான கிரைண்டர், சிற்றச்சகத்துக்கான அச்சு இயந்திரம். இவற்றின் விலை என்ன, எத்தனை ஆண்டுகள் உழைக்கும், பழையதாக விற்றால் என்ன கிடைக்கும் ஆகிய மூன்றும் நமக்கு மனப்பாடம். சில ஆண்டுகளாக அந்த வரிசையில் புதிய பொருளொன்று சேர்ந்திருக்கிறது. செங்கல்லைவிடச் சற்று நீளமானது. கணினிப் பெட்டிக்குள் பொருத்தப்படுவது. கணினியின் மற்ற பாகங்கள் அனைத்தின் விலையையும் கூட்டினாலும் அதன் விலையை எட்டாது. அதுதான் கிராஃபிக்ஸ் கார்டு.

2025ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் தாராவிக் கிளைக்கு வந்த விண்ணப்பம் ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம். விண்ணப்பித்தவர் திருமண ஒளிப்பதிவுத் தொழில் செய்யும் இளைஞர். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். மும்பையில் மூன்றாம் தலைமுறை. மாட்டுங்கா, செம்பூர் மண்டபங்களில் நடக்கும் திருமணங்களைப் படமெடுத்து, 90 அடி சாலையை ஒட்டிய மாடியறையில் தொகுத்துக் கொடுக்கிறார். அவர் கொண்டுவந்த விலைப்புள்ளியில் என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 2,45,000 ரூபாய், அதற்கு ஈடுகொடுக்கும் 1,000 வாட் மின்வழங்கி 18,000, பெரிய பெட்டி 12,000, யுபிஎஸ் 25,000, ஆக மொத்தம் 3,00,000 ரூபாய். அவர் தம் பங்காகச் செலுத்த வேண்டிய 60,000 ரூபாய் முன்பணத்துக்குத் தாயாரின் வளையல்களை நகைக்கடனில் வைப்பதாகச் சொன்னார். தாயாரும் உடன் வந்திருந்தார். வளையல்கள் அவர் கையில்தான் இருந்தன.

"சார், இப்போ ஒரு கல்யாணத்துக்கு எட்டு நாள் ஆகுது. இது வந்துட்டா நாலு நாள்ல முடிச்சிடுவேன்" என்றார் இளைஞர். முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000 முதல் 5 இலட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் வழங்கலாம். ஆவணங்கள் சரியாக இருந்தன. பழைய கணக்கில் குறையில்லை. ஒப்புதல் அளித்திருந்தால் எவரும் நம்மைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் நாம் தயங்கியதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு.

2021ஆம் ஆண்டு நடுவில், வீட்டிலிருந்தே அனிமேஷன் பணி செய்துவந்த மாட்டுங்கா வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு வாங்க 36 தவணைகளில் கடன் வழங்கினோம். விலைப்புள்ளி 1,45,000 ரூபாய். வழக்கம்போல் வேறு கடைகளின் விலைப்புள்ளிகளையும் கேட்டுப் பெற்று ஒப்பிட்டோம். எல்லாம் ஏறத்தாழ அதே விலை. ஆகவே விலை நியாயமானது என்று கோப்பில் எழுதினோம். அந்தக் கார்டு 2020 செப்டம்பரில் இந்தியாவில் வெளியானபோது அதன் அறிவிக்கப்பட்ட விலை 71,000 ரூபாய்தான் என்பதை நாம் பார்க்கவில்லை. சிப் பற்றாக்குறையும், எதீரியம் என்னும் மின்னாணயத்தைத் தோண்டுவோர் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்ததும் சேர்ந்து விலையை இருமடங்காக்கியிருந்தன. 2022 செப்டம்பர் 15 அன்று எதீரியம் தன் கணக்கு முறையை மாற்றிக்கொண்டது. அன்றுமுதல் அந்த வேலைக்குக் கார்டுகளே தேவையில்லை என்றாயிற்று. பயன்படுத்தப்பட்ட கார்டுகள் சந்தையில் வந்து கொட்டின. அதே ரகக் கார்டை லாமிங்டன் ரோட்டில் தாம் கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்குக்குப் பார்த்ததாக அந்த வாடிக்கையாளர் நவம்பர் மாதத்தில் வந்து சொன்னார். அப்போது அவருக்கு 19 தவணைகள் பாக்கி. ஒன்றும் தவறவிடாமல் கட்டி முடித்தார் என்பது அவருடைய பெருந்தன்மை. நம்முடைய சாமர்த்தியம் அன்று.

அந்த அனுபவத்துக்குப் பின் இப்பொருளின் விலை எதனால் ஆனது என்பதைச் சற்றுக் கற்றுக்கொண்டோம். வணிகவியல் படித்த நமக்கு அது எளிதாக இருக்கவில்லை.

ஆர்டிஎக்ஸ் 5090 கார்டு 2025 ஜனவரி 30 அன்று விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 1,999 டாலர். இந்தியாவில் 2,14,000 ரூபாய். "அங்கே ஒரு விலை, இங்கே ஒரு விலையா?" என்று பலர் கடைக்காரர்மேல் கோபம் கொள்கின்றனர். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேர்வதில்லை. டாலருக்கு 86 ரூபாய் என்று கணக்கிட்டு, 18 விழுக்காடு ஜிஎஸ்டியைச் சேர்த்தால் 2,03,000 ரூபாய்க்கு அருகில் வந்துவிடுகிறது. எனவே அறிவிக்கப்பட்ட விலையில் பெரிய அநியாயம் இல்லை. அதற்கு மேல் 2025இல் கேட்கப்பட்ட 20,000, 30,000 ரூபாய்தான் தட்டுப்பாட்டின் விலை.

இனி விலை தானாகக் குறையும் என்று காத்திருப்பதிலும் பெரிய பயனில்லை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் வருவாய் 13,050 கோடி டாலர். அதில் தரவு மையங்களுக்கு விற்றது மட்டும் 11,520 கோடி டாலர். விளையாட்டுக்கும் வீட்டுக் கணினிக்குமான கார்டுகள் மொத்த வருவாயில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிகளே இன்று அந்நிறுவனத்தின் பெரிய வாடிக்கையாளர்கள். பந்தியில் நமக்கு இலை போட்டிருக்கிறார்கள். ஆனால் முதல் பந்தியில் அன்று.

இனிக் கார்டு செய்யும் வேலைக்கு வருவோம். தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து நகரெங்கும் கொண்டுபோய் விற்கும் குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. கிரைண்டரில் பார்க்க வேண்டியவை இரண்டு: மோட்டாரின் வேகம், பாத்திரத்தின் கொள்ளளவு. மோட்டார் மெதுவானதென்றால் மாவு அரைபட நேரமாகும், அவ்வளவே. பாத்திரம் சிறியதென்றால் அரிசி வழிந்துவிடும்; எவ்வளவு வேகமான மோட்டாரும் உதவாது. கிராஃபிக்ஸ் கார்டில் மோட்டாருக்கு நிகரானது அதன் சிப். பாத்திரத்துக்கு நிகரானது அதன் நினைவகம். கடைக்காரர் பேசுவது பெரும்பாலும் மோட்டாரைப் பற்றியே. தொழிலில் கையைக் கட்டிப்போடுவது பெரும்பாலும் பாத்திரம்.

இந்தக் கண்ணோட்டத்தில் 2025இன் விலைப்பட்டியலைப் பார்த்தால் வியப்பான செய்தி ஒன்று தெரிகிறது. அப்போது ஏறத்தாழ 50,000 ரூபாய்க்குக் கிடைத்த 5060 டிஐ கார்டின் ஒரு வகையில் 16 ஜிபி நினைவகம் இருக்கிறது. 80,000 ரூபாய் என அறிவிக்கப்பட்ட 5070 டிஐ கார்டிலும் 16 ஜிபி. 1,07,000 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட 5080 கார்டிலும் அதே 16 ஜிபி. அதற்கு அடுத்த படி நேராக 2,14,000 ரூபாய்க்கு 5090. அதில் 32 ஜிபி. ஒருவருடைய பணி 16 ஜிபிக்குள் அடங்கினால், 50,000 ரூபாய்க்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வேகத்துக்கான விலை. அடங்காவிட்டால் 1,07,000 ரூபாய் கொடுத்தும் சிக்கல் தீராது. நாம் 2021இல் கடன் கொடுத்த 3080 கார்டில் 10 ஜிபிதான். அதே ஆண்டு 29,500 ரூபாய்க்கு அறிவிக்கப்பட்ட 3060 கார்டில் 12 ஜிபி இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தபோது மனம் வலித்தது.

விளம்பரங்களில் வரும் வேகத்தையும் ஒரு கேள்வி கேட்டுத்தான் ஏற்க வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் வேகஸ் நகரில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் புதிய கார்டுகளை அறிமுகப்படுத்தியபோது, 549 டாலர் விலையுள்ள 5070, முந்தைய தலைமுறையின் 1,599 டாலர் 4090 கார்டுக்கு நிகரான செயல்திறன் தரும் என்றார். அது விளையாட்டுகளில், டிஎல்எஸ்எஸ் 4 என்னும் நுட்பத்தின் துணையோடு எட்டப்படும் கணக்கு. கார்டு முறையாக வரைந்த ஒரு படத்துக்கு மூன்று படங்கள் வரை ஊகித்து இட்டு நிரப்பும் நுட்பம் அது. விளையாடுபவர் கண்ணுக்கு அசைவு வழுவழுப்பாகத் தெரியும். கட்டட வரைபடத்தையோ அனிமேஷன் காட்சியையோ வரைந்து முடிக்க அது உதவாது. அங்கே ஒவ்வொரு படமும் மெய்யாகவே வரையப்பட வேண்டும். அத்தகைய இட்டுநிரப்பல் இல்லாமல் பார்த்தால், 5090 கார்டுகூட 4090ஐவிடப் பெரும்பாலான சோதனைகளில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையே விரைவானது.

இனித் தாராவி இளைஞரிடம் திரும்புவோம். கடன் வழங்குமுன் தொழிலிடத்தை நேரில் பார்ப்பது நமது வழக்கம். நம்முடன் வந்த இளைய அலுவலர் பொறியியல் படித்தவர். இளைஞரைத் தொகுப்பு மென்பொருளைத் திறக்கச் சொல்லி, முகூர்த்தக் காட்சி ஒன்றை ஓட்டச் சொன்னார். படம் விக்கி விக்கி ஓடியது. மாப்பிள்ளையின் கை தாலியோடு பாதி வழியில் நின்றது. நாமாக இருந்தால் கார்டுதான் பழையது என்று முடிவு கட்டியிருப்போம். அவரோ கணினியின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். பிராசஸர் நூறு விழுக்காடு திணறிக்கொண்டிருந்தது. ஏற்கெனவே இருந்த 3070 கார்டின் வீடியோ விரிக்கும் பகுதி சும்மா உட்கார்ந்திருந்தது.

காரணம் கேமரா. இளைஞர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய சோனி கேமராவில், நிறத்தகவலைக் கூடுதலாகச் சேமிக்கும் 4:2:2 என்னும் முறையில் படமெடுக்கிறார். பட்டுப்புடவையின் நிறம் பிசகாமல் வர அது நல்லதுதான். ஆனால் சுருக்கிச் சேமித்த அந்தப் படத்தை விரித்துக் காட்டும் வசதி என்விடியாவின் 20, 30, 40 வரிசைக் கார்டுகள் எதிலும் இல்லை. இலட்சத்துக்கும் மேல் விலையுள்ள 4090 கார்டிலும் இல்லை. இண்டெல் பிராசஸர்கள் பலவற்றில் உள்ளமைந்த வரைகலைப் பகுதி பதினோராம் தலைமுறை முதலே இதைச் செய்துவருகிறது. இளைஞரிடம் இருந்ததோ அவ்வசதி இல்லாத வேறு நிறுவனத்தின் பிராசஸர். நண்பரின் சாதாரண இண்டெல் மடிக்கணினியில் அதே காட்சியை ஓட்டிப் பார்த்தார்; தாலி தடையின்றி ஏறியது.

என்விடியாவின் 50 வரிசையில் இக்குறை நீக்கப்பட்டிருக்கிறது. ஆகவே 5090 வாங்கினால் அவருடைய சிக்கல் தீரும் என்று கடைக்காரர் சொன்னது பொய்யன்று. அதே வசதி 50,000 ரூபாய்க் கார்டிலும் உண்டு என்பதை அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. 5090 கார்டில் இத்தகைய விரிக்கும் பகுதிகள் இரண்டும் சுருக்கும் பகுதிகள் மூன்றும் உள்ளன. சிறிய கார்டில் ஒவ்வொன்றே. ஐந்தாறு கேமராக்களை ஒரே நேரத்தில் ஓட்டுவோருக்கு அது வேறுபாடுதான். இவரிடம் இருப்பவை இரண்டு கேமராக்கள்.

ஆயினும் நாம் உடனே "சிறியதை வாங்குங்கள்" என்று சொல்லவில்லை. தொழில் அவருடையது. இரண்டு வாரம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள் என்று மட்டும் கேட்டோம்: கணினிக்காகக் காத்திருந்த ஒவ்வொரு முறையும் எத்தனை நிமிடம், எந்த வேலைக்கு, அப்போது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. இரவு படுக்கப் போகும்போது முடுக்கிவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளும் வேலை ஆறு மணி நேரம் ஓடினால் என்ன, இரண்டு மணி நேரம் ஓடினால் என்ன? அந்த நான்கு மணி நேரத்தை எவரும் விலை கொடுத்து வாங்கப்போவதில்லை. விழித்திருந்து திரையைப் பார்த்துக் காத்திருக்கும் நேரத்துக்குத்தான் விலை உண்டு. அவர் கொண்டுவந்த கணக்கில் மொத்தம் 31 மணி நேரம். அதில் 27 மணி படம் விக்கியதாலும், அதைத் தவிர்க்கச் சிறிய நகல்கள் உருவாக்கியதாலும் போனது. இறுதிப் படத்தை வெளியெடுக்க ஆனது 4 மணி. அதுவும் அவர் சாப்பிடும் வேளையில்.

செம்பூரில் இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்றையும் பார்த்தோம். பழைய கட்டடங்கள் இடிக்கப்பட்டு மறுகட்டுமானம் நடக்காத தெரு செம்பூரில் அரிது. கட்டப்படாத வீட்டைக் கட்டியதுபோல் காட்டும் முப்பரிமாணப் படங்களை உருவாக்கித் தரும் பெண்மணி ஒருவர் நமது வாடிக்கையாளர். மரங்களும் அறைகலன்களும் நிறைந்த அவருடைய காட்சிகளுக்கு 22 ஜிபி வரை நினைவகம் தேவைப்பட்டது. அவரிடம் இருந்த கார்டில் 12 ஜிபி. காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி வரைந்து பார்த்தார். முடியாதவற்றை மணிக்கணக்கில் வாடகைக்கு வரைந்து தரும் வெளிநிறுவனத்துக்கு அனுப்பினார். அதற்கான கட்டணம் மாதம் சராசரியாக 18,000 ரூபாய். ஆறு மாத ரசீதுகளைக் காட்டினார். பகலில் கட்டுநர் மூன்று முறை நிறம் மாற்றச் சொன்னால், மூன்று முறையும் பணம் கட்டி அனுப்ப வேண்டும். இவருக்கு 5090 தேவை என்பதில் நமக்கு ஐயமே எழவில்லை. 16 ஜிபி உள்ள எதுவும் அவருக்கு உதவாது. கார்டு வந்து ஓராண்டு ஆகுமுன்னரே, வாடகையாகப் போயிருக்கக்கூடிய தொகை அதன் விலையை எட்டிவிடும். அவர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர் என்பதால் வரியையும் உள்ளீட்டு வரிச்சலுகையாகத் திரும்பப் பெறுகிறார்.

இந்த வரி நுணுக்கம் பலருக்குத் தெரிவதில்லை. 2,14,000 ரூபாயில் ஜிஎஸ்டி மட்டும் 32,644 ரூபாய். பதிவு பெற்றுத் தொழிலுக்குப் பயன்படுத்துவோர் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அந்த வரித்தொகைக்குத் தேய்மானமும் சேர்த்துக் கோரக்கூடாது. சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 இலட்சத்துக்குள் இருப்பதால் பதிவு செய்யாதவர்களுக்கு அத்தொகை முழுதும் செலவே. வருமான வரியில் கணினிகளுக்கு ஆண்டுக்கு 40 விழுக்காடு தேய்மானம் உண்டு. வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதில் பாதி. வரவில் 6 அல்லது 8 விழுக்காட்டை உத்தேச வருமானமாகக் காட்டி வரி செலுத்துவோருக்கு அத்தேய்மானம் ஏற்கெனவே கழிக்கப்பட்டதாகவே கருதப்படும்; தனியாகக் கிடைக்காது. ஒரே கார்டு செம்பூரில் ஒரு விலை, தாராவியில் ஒரு விலை என்று நாம் சொல்வது இதனால்தான்.

மின்செலவையும் விட்டுவிடக்கூடாது. 5090 முழுத்திறனில் 575 வாட் இழுக்கும். நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 26 நாள் அப்படி ஓடினால் 120 யூனிட். யூனிட்டுக்கு 12 ரூபாய் எனக் கொண்டால் 1,400 ரூபாய்க்கு மேல். அந்த மின்சாரம் முழுதும் வெப்பமாக அறையிலேயே தங்கும். தகரக் கூரையின்கீழ் பத்தடி அறையில் மே மாதத்தில் அது எப்படி இருக்கும் என்பதை அங்கே வேலை செய்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மின் இணைப்பியைச் சரியாக அழுத்திச் செருகாததால் உருகிப்போன நிகழ்வுகள் 4090, 5090 இரண்டிலும் வந்திருக்கின்றன. பழைய மின்வழங்கியோடு ஒட்டுப்போடுவது கூடாது.

வாங்கும்போது, கார்டின் வரிசை எண் குறிக்கப்பட்ட ஜிஎஸ்டி ரசீதைக் கேட்டுப் பெறுங்கள். ரசீது இல்லாமல் 15,000 ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்போரின் சரக்குக்குப் பெரும்பாலும் இந்தியாவில் உத்தரவாதம் இருப்பதில்லை. நாமும் அதற்குக் கடன் தர இயலாது.

மகனின் விளையாட்டுக்காக இத்தகைய கார்டை வாங்கத் தனிநபர் கடன் கேட்டு வரும் தந்தையரும் உண்டு. வீட்டில் இருக்கும் திரை சாதாரண முழு எச்டி திரையாயின், 5090 வரையும் படங்களில் பெரும்பகுதியைக் காட்டவே அத்திரையால் இயலாது. ஆசைக்காக வாங்குவதை நாம் குறை சொல்லவில்லை. நமக்கும் அந்த வயதில் மோட்டார் சைக்கிள் ஆசை இருந்தது. அதைச் சேமிப்பிலிருந்து வாங்குவதே நல்லது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம்.

தாராவி இளைஞர் 3,00,000 ரூபாய்த் திட்டத்தோடு போயிருந்தால், 2,40,000 ரூபாய்க் கடனுக்கு 11 விழுக்காடு வட்டியில் 36 மாதங்களுக்கு மாதம் ஏறத்தாழ 7,860 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும். நகைக்கடன் வட்டி தனி. வைகாசியிலும் ஆவணியிலும் அது அவருக்குப் பாரமாகத் தெரியாது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. தவணைக்கு அந்த மாதங்கள் தெரியாது. அவர் 5060 டிஐ 16 ஜிபி கார்டை வாங்கினார். பழைய மின்வழங்கியின் திறனே அதற்குப் போதும் என்று இளைய அலுவலர் சரிபார்த்தார். ஷிஷு பிரிவின் உச்சவரம்பான 50,000 ரூபாய்க்குள் கடன் அடங்கிவிட்டது. 3070 கார்டை விற்ற பணத்தில் முன்பணத்தைக் கட்டினார். நான்கு நாள் ஆகவில்லை, ஆறு நாளாகிறது என்று ஆவணியில் வந்து சொன்னார். பாடலுக்கு ஏற்றபடி காட்சிகளைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தை எந்தக் கார்டும் குறைக்காதாம்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கடன் கேட்டு வரும் வாடிக்கையாளர்கள், விலைப்புள்ளியுடன் இரண்டு வாரக் காத்திருப்புக் குறிப்பையும், தாங்கள் செய்யும் பணிக்குத் தேவைப்படும் நினைவக அளவையும், வெளியே வாடகை கொடுத்திருந்தால் அந்த ரசீதுகளையும் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறோம். குறிப்பேடு எந்த மொழியில் இருந்தாலும் சரி. அந்த இளைஞருடையது பென்சிலால் எழுதிய தமிழ். இன்றும் நமது கோப்பில் இருக்கிறது.